‘அதான் யூடியூபில் இருக்கே’ என்பவர்களுக்கு

டெக்கும் கேசட்டும் போய்ச் சேர்ந்துவிட்டன. ரெக்கார்டிங் வசதியுள்ள செட்டாப் பாக்ஸ் வாங்குவது வீண் செலவு. தொலைக்காட்சியில் வருவதை வீட்டில் பதிந்து வைப்பவர் பிடிவாதக்காரராக இருக்க வேண்டும், அல்லது வேலை இல்லாதவராக இருக்க வேண்டும். இளையவர், முதியவர் என்ற பேதமில்லாமல் இன்று எல்லோரும் சொல்லும் தீர்ப்பு இது. தேனாம்பேட்டையில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும் தெருக்களில் வி.எச்.எஸ். கேசட் மூட்டைகள் பழைய பேப்பர்காரரின் வண்டியில் ஏறுகின்றன. ஏன் என்று கேட்டால் பதில் தயார்: ‘அதான் யூடியூபில் இருக்கே.’

அந்தத் தீர்ப்பை அதன் முழு பலத்தோடு சொல்லிவிட்டே மறுக்கிறேன். ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனின் ‘ஒளியும் ஒலியும்’ பாட்டு நிகழ்ச்சி தவறினால் தவறியதுதான். அதனால் பதிவதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. இன்று ஒன்பது மணித் தொடரைப் பத்து மணிக்குக் கைபேசியில் பார்க்கலாம். பழைய படங்களை உரிமை வைத்திருப்பவர்களே ஏற்றிவைத்திருக்கிறார்கள். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியும் தன் பழைய சரக்கை வெளியிடுகிறது. அலைவரிசைகள் தங்கள் சொத்தைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும். கேசட்டுக்குப் பூஞ்சை பிடிக்கும், சர்வருக்குப் பிடிக்காது. அடுத்தவர் நிகழ்ச்சியைப் பிடித்து வைப்பது திருட்டுக்குப் பக்கத்தில் வருகிற காரியம். இரண்டு அறை வீட்டில் இடமும் கிடையாது. வைத்தாலும் யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு வரிகூட முட்டாள்தனமானது அல்ல. ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை நம்பி, சட்டமே நமக்குக் கொடுத்திருந்த ஓர் உரிமையைச் சத்தமில்லாமல் ஒப்படைத்துவிட்டோம் என்பதே என் வழக்கு.

இதைத் தேனாம்பேட்டையிலிருந்து சொல்வதில் ஒரு பொருத்தம் உண்டு. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று தொடங்கிய சன் டி.வி. இங்கே, அண்ணா சாலையில் தி.மு.க. தலைமையகமான அண்ணா அறிவாலய வளாகத்திலிருந்துதான் பல ஆண்டுகள் இயங்கியது. 2007இல் அது எம்.ஆர்.சி. நகருக்குப் போனது; அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று அதே வளாகத்தில் கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. தமிழ்ச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் பிறந்த வீடு என்று இந்தப் பேட்டையைச் சொன்னால் மிகையில்லை. அதற்கும் முன்னால் 1990இல், சன் டி.வி.யைத் தொடங்கிய அதே கலாநிதி மாறன் நடத்தியது ‘பூமாலை’ என்ற வீடியோ பத்திரிகை. கேசட்டில் வரும், வீட்டு டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். தனியார் தமிழ்த் தொலைக்காட்சிக்கு முன்னோடியே வீட்டு டெக்கை நம்பி இறங்கிய சரக்குதான். இன்று அந்த டெக்கைக் கேலி செய்கிறவர்களுக்கு இது நினைவில் இருக்காது.

இனி ஒவ்வொன்றாக.

1. ‘எல்லாம் இருக்கிறது’ என்கிறீர்களே, எண்ணிப் பார்த்தது யார்? இணையத்தில் இருப்பது தொலைக்காட்சி அல்ல. தொலைக்காட்சியில் வந்தவற்றில் மறுபடி காசாகும் என்று உரிமையாளர்கள் பொறுக்கி எடுத்தது: பாட்டு, காமெடி, படம், நன்றாக ஓடிய தொடர். தூர்தர்ஷனின் சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 முதல் நடக்கிறது. அதன் எண்பதுகளில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலை என்ன வந்ததோ அதை, வந்த வரிசையில், இடையில் வெட்டாமல் எங்கே பார்ப்பீர்கள்? ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியில் உரத்தைப் பற்றிக் கூச்சத்தோடு பேசிய விவசாயி எங்கே? ‘எதிரொலி’யில் நேயர் எழுதிய குறையும் அதற்கு வந்த வழவழா பதிலும் எங்கே? அறிவிப்பாளரின் இரண்டு வரி, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை, காணாமல் போனவர் அறிவிப்பு, துணிக்கடை விளம்பரம்?

குப்பை என்பீர்கள். சினிமாவில் வரும் நடுத்தர வீடு செட்டுக்காரர் போட்டது. விளம்பரத்திலோ அந்த ஆண்டு எந்த மிக்சிக்கு மக்கள் ஆசைப்பட்டார்கள், அது என்ன விலை, தி. நகர் கடையின் தொலைபேசிக்கு எத்தனை இலக்கம், மனைவியிடம் கணவன் எந்தத் தொனியில் பேசினால் சோப்பு விற்கும் என்று நம்பினார்கள் என்பதெல்லாம் சேர்ந்து கிடக்கிறது. இதை யாரும் பாதுகாக்க நினைத்ததில்லை. பதிவு பொத்தானை அழுத்திவிட்டு இடைவேளையில் காப்பி போட எழுந்து போன வீட்டுக்காரர்தான் தெரியாமல் பாதுகாத்தார்.

சந்தேகம் இருந்தால், யூடியூபிலேயே இருக்கும் பழைய விளம்பரம் ஒன்றைப் போட்டுப் படத்தின் அடிவிளிம்பைப் பாருங்கள். பல பதிவுகளில் ஒரு மெல்லிய பட்டை நெளிந்துகொண்டே இருக்கும். டெக்கின் ஹெட் மாறும் இடத்தில் வி.எச்.எஸ். விட்டுச்செல்லும் ரேகை அது. நிறுவனத்துக் கிடங்கிலிருந்து வந்த நகலில் அது இருக்காது. யாரோ ஒருவர் வீட்டு டெக்கிலிருந்து வந்ததில்தான் இருக்கும். ‘இணையத்தில் இருக்கே’ என்று நீங்கள் காட்டும் சாட்சியே பல நேரம் என் தரப்புச் சாட்சி.

கேபிள்காரரின் சொந்த அலைவரிசையை இன்னும் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் பேட்டைக்குப் பேட்டை ஒரு கட்டுப்பாட்டு அறை, அதில் இரண்டு டெக், இரவில் ஒரு படம், இடையில் தெருமுனை நகைக்கடை விளம்பரம், ஆடி மாதம் வந்தால் அம்மன் கோயில் திருவிழா. அந்த ஊர்வலத்தில் நடந்த முகங்களையும் இடிபடுவதற்கு முந்தைய தெருக்களையும் எந்தப் பெரிய நிறுவனமும் பதியவில்லை. எங்காவது மிச்சம் இருந்தால் அது யாரோ ஒருவர் வீட்டுப் பரணில்தான்.

2. இன்று இருப்பது நாளைக்கும் இருக்குமா? அதே வடிவில் இருக்குமா? இரண்டு உதாரணங்கள் போதும், இரண்டும் நம் ஊர்ப் படங்கள். நயன்தாரா நடித்த ‘அன்னபூரணி’ 2023 டிசம்பர் இறுதியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. புகார்கள் கிளம்பின, 2024 ஜனவரியில் படம் மறைந்தது. மாதக் கட்டணம் கட்டியிருந்தவர்களுக்கும் மறைந்தது. 2025 செப்டம்பரில் ‘குட் பேட் அக்லி’ படத்தில் இளையராஜா பாடல்கள் பயன்படுத்தப்பட்டது தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. படம் அதே தளத்திலிருந்து இறங்கியது. பிறகு பாடல்கள் மாற்றப்பட்டுத் திரும்பி வந்தது.

புகார் சரியா, வழக்கு சரியா என்பது என் விஷயம் இல்லை. இசையமைப்பாளர் தன் உரிமையைக் கேட்பதில் எனக்கு ஒரு மறுப்பும் கிடையாது. எனக்கு உறுத்துவது அது நடக்கும் முறை. முன்பெல்லாம் ஒரு படம் தடை செய்யப்பட்டால் தியேட்டரில் நிற்கும். பார்த்தவர் வீட்டுக் கேசட் அப்படியே இருக்கும். இன்று ஒரு பொத்தானில் எல்லா வீட்டுப் பிரதியும் ஒரே நொடியில் திருத்தப்படுகிறது. முந்தைய வடிவம் எப்படி இருந்தது என்று பத்து வருடம் கழித்து ஓர் ஆய்வாளர் கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. சினிமாவுக்காவது தணிக்கைச் சான்று, பத்திரிகை விமர்சனம் என்று தடயம் மிஞ்சும். ஒரு விவாத நிகழ்ச்சியிலிருந்து நான்கு நிமிடம் கழன்று போனால் அது கழன்றது என்பதே தெரியாது.

தனிமனிதர்கள் ஏற்றிவைத்திருக்கும் பழைய பதிவுகளின் கதி இன்னும் மோசம். மூன்று பதிப்புரிமைப் புகார் தொண்ணூறு நாளுக்குள் சேர்ந்தால் யூடியூப் அந்தக் கணக்கையே மூடிவிடும். ஒருவர் பொறுமையாக ஏற்றிய நூற்றுக்கணக்கான பதிவுகள், எந்தப் புகாரிலும் சிக்காதவை உட்பட, ஒரே நாளில் போகும்.

3. ‘அலைவரிசையே வைத்திருக்கும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஒளிபரப்பாளர்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்வது இது: ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திருக்க வேண்டும், அரசு கேட்டால் காட்ட வேண்டும். அவ்வளவுதான். 91ஆம் நாள் அழித்தால் குற்றமில்லை. 90 நாளுக்குள்ளும் அரசு அமைப்பு கேட்டால்தான் கடமை. நீங்களும் நானும் கேட்டால் இல்லை. இதன் பக்கத்தில் பதிப்புரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவை வைத்துப் பாருங்கள். ஒளிபரப்பு நிறுவனத்துக்குத் தன் ஒளிபரப்பின் மேல் உள்ள மறுபதிவு உரிமை 25 ஆண்டு. உரிமைக்கு 25 ஆண்டு, பாதுகாக்கும் கடமைக்கு 90 நாள்! இந்த ஏற்பாட்டைத்தான் ‘அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று நம்பி நிம்மதியாக இருக்கிறோம்.

தன் சொத்தை யாரும் அழிக்க மாட்டார்கள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. பிபிசியை விடவா ஒழுங்கான நிறுவனம் வேண்டும்? அறுபது, எழுபதுகளில் அது டேப்பை மறுபடி பயன்படுத்தவும் இடத்தைக் காலி செய்யவும் தன் நிகழ்ச்சிகளையே அழித்தது. உலகப் புகழ் பெற்ற ‘டாக்டர் ஹூ’ தொடரின் பழைய பகுதிகளில் நூறுக்குச் சற்றுக் குறைய இன்றும் படமாகக் கிடைக்கவில்லை. ஆனால் அவற்றின் ஒலி மட்டும் ஒன்றுவிடாமல் கிடைக்கிறது. எப்படி? வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த சில ரசிகர்களால். நம் பக்கத்தில் இந்தப் பாடம் இன்னும் பழையது. முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’, 1931. அதன் ஒரு பிரதிகூட நம்மிடம் இல்லை. அதுவும் யாரோ ஒருவரின் சொத்தாகத்தான் இருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு வேறு ஒரு கோணமும் உண்டு. வெளி மாநிலத்துக்காரருக்கு இது புரிய நேரமாகும். இங்கே அலைவரிசைகள் பல கட்சிகளின் நிழலில் வளர்ந்தவை. அறிவாலய வளாகத்திலிருந்து ஒன்று, அதற்கு எதிராக அ.தி.மு.க. பக்கத்தில் ஜெயா டி.வி., பிறகு மக்கள் டி.வி., கேப்டன் டி.வி. என்று வரிசை. 2001 ஜூன் 30 அதிகாலை தி.மு.க. தலைவர் மு. கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சியைச் சன் டி.வி. திரும்பத் திரும்பக் காட்டியது. அன்றைய அ.தி.மு.க. அரசுத் தரப்பும் தன் ஒளிப்பதிவை வெளியிட்டது. ஒரே இரவு, இரண்டு படங்கள். அவை எந்த நேரத்தில், எந்த வாசகத்தோடு, எத்தனை முறை, எதை வெட்டி, எதை நீட்டிக் காட்டப்பட்டன என்பதுதான் அந்த நாளின் உண்மையான வரலாறு. அதை அந்த இரண்டு தரப்பின் கிடங்கிலிருந்தே பெற வேண்டும் என்பது, வாதியும் பிரதிவாதியும் நீதிமன்ற ஆவணத்தைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்பதற்குச் சமம். அன்றைக்கு இரு தரப்பு அலைவரிசைகளையும் மாற்றி மாற்றிப் பதிந்த ஒரு பார்வையாளர் இருந்தால், அவர் கையில் இருப்பதை எந்தக் கட்சியும் திருத்த முடியாது.

அச்சுக்கு இந்தக் கதி இல்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் புத்தகத்தின் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். தொலைக்காட்சிக்கு அப்படி ஒரு வீடு நம் சட்டத்தில் இல்லை. பிரான்சு 1992இல் சட்டம் போட்டு வானொலி, தொலைக்காட்சி ஒளிபரப்புகளைத் தன் தேசிய ஒலி-ஒளி நிறுவனத்தில் சேர்க்க வைத்தது. அமெரிக்காவில் சட்டத்துக்கு முன்னால் ஒரு குடிமகன் விழித்துக்கொண்டார். நாஷ்வில்லைச் சேர்ந்த பால் சிம்சன் என்ற காப்பீட்டுத்துறைக்காரர், மாலைச் செய்திகளை யாரும் நிலையாகச் சேமிப்பதில்லை என்று கண்டு, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைத் தூண்டி 1968 ஆகஸ்ட் 5 முதல் அவற்றைப் பதிய வைத்தார். சி.பி.எஸ். நிறுவனம் 1973இல் வழக்குப் போட்டது. 1976இல் வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் நூலகங்கள் செய்தியைப் பதிந்து வைக்கலாம் என்று வழிவிட்டது. வியட்நாம் போர்ச் செய்திகளை இன்று ஆராய்கிறவர்கள் போய் நிற்பது அங்கேதான்.

4. ‘வீட்டில் பதிவது திருட்டு’ என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 39(அ) பிரிவு நேர்மாறாகச் சொல்கிறது: பதிகிறவர் தன் சொந்த உபயோகத்துக்காகவோ, நேர்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்காகவோ ஒலி, ஒளிப் பதிவு செய்தால் ஒளிபரப்பாளரின் உரிமை மீறப்பட்டதாகாது. அதற்குள் இருக்கும் படம், பாட்டு போன்ற படைப்புகளுக்கு 52ஆம் பிரிவு இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, கணினி நிரல் நீங்கலாக எந்தப் படைப்பையும் தனிப்பட்ட உபயோகத்துக்காக நியாயமான அளவில் கையாளலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதையே 1984 ஜனவரியில் சோனியின் பீட்டாமேக்ஸ் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னது: பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடே. அந்த டெக் வந்தால் தங்கள் தொழில் செத்துவிடும் என்று கூக்குரலிட்ட ஹாலிவுட், பிறகு கேசட் விற்றே பெரும்பணம் பார்த்தது.

திருட்டு வி.சி.டி. நம் ஊரில் இல்லாத பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. பர்மா பஜாரில் வெள்ளிக்கிழமைப் படம் சனிக்கிழமை கிடைத்த காலம் உண்டு. 2004இல் குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருடர்களைச் சேர்த்தார்கள் என்றால் அது எவ்வளவு முற்றியிருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது நகலெடுத்து விற்றவர்களுக்காக வந்த சட்டம். இரவுப் பணிக்குப் போகும் செவிலியர் காலையில் வந்து பார்ப்பதற்காகச் செய்தியைப் பதிந்து வைப்பதை அதோடு ஒரே தட்டில் வைப்பது வசதியான குழப்பம். குழப்பத்தில் லாபம் அடைகிறவர் யார் என்று அடுத்ததில் வருகிறேன்.

5. ‘அதான் பாக்ஸிலேயே ரெக்கார்டிங் இருக்கிறதே!’ இருக்கிறது. அது உங்களுடையதா என்று சோதித்துப் பாருங்கள். கட்டண டி.டி.எச். பெட்டியில் ஹார்டு டிஸ்கைச் சொருகினால், அது முதலில் டிஸ்கை அழித்துத் தன் பாணிக்கு மாற்றிக்கொள்ளும். பதிந்தவை குறியாக்கத்தில் இருக்கும். அந்த டிஸ்கைக் கழற்றிக் கணினியில் போட்டால் ஒன்றும் தெரியாது. அடுத்த வீட்டில் உள்ள அதே மாடல் பெட்டியில் போட்டாலும் தெரியாது. பெட்டி பழுதாகி மாற்றிக்கொண்டால் அத்தனை பதிவும் போச்சு. பல பெட்டிகளில் ரீசார்ஜ் தீர்ந்தால், நீங்கள் காசு கட்டியிருந்த காலத்தில் பதிந்ததுகூட ஓடாது. பரணில் வாங்கிப் போட்ட அரிசிக்கு மளிகைக்கடைக்காரர் மாதாமாதம் சாவி வாடகை வசூலிக்கும் ஏற்பாடு இது.

இது நிறுவனங்களின் பேராசை மட்டும் அல்ல. ரெக்கார்டிங் வசதியுள்ள செட்டாப் பாக்ஸில் நகல் தடுப்பு இருந்தே ஆக வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. பெட்டியிலிருந்து டி.வி.க்குப் போகும் எச்.டி.எம்.ஐ. ஒயரிலும் எச்.டி.சி.பி. என்ற பூட்டு இருக்கிறது. இடையில் பதிவுக் கருவியை வைத்தால் கறுப்புத் திரைதான் பதிவாகும். 39(அ) கொடுத்த உரிமையை எந்த நாடாளுமன்றமும் திரும்பப் பெறவில்லை. ஒரு தொழில்நுட்ப விதி அதை நடைமுறையில் இல்லாமல் ஆக்கிவிட்டது. 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவும் உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவரைத்தான் தண்டிக்கிறது. சட்டம் தடை செய்யாத காரியத்துக்காகத் திறப்பவரை அல்ல. சட்டத்தில் இவ்வளவு நிதானம் இருக்கிறது, பெட்டியில் இல்லை.

சென்னைக்காரர்கள் இதை மற்ற ஊர்களுக்கு முன்பே அனுபவித்தார்கள். கட்டண அலைவரிசைகளுக்குச் செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்ற கேஸ் முறை 2003 செப்டம்பர் 1 அன்று இங்கேதான் நடைமுறைக்கு வந்தது; மற்ற பெருநகரங்கள் அப்போது நழுவிவிட்டன. அதற்கு முன்பு கேபிள் ஒயர் நேராக டெக்கின் முதுகில் ஏறும். டெக்குக்குள்ளேயே ட்யூனர் இருந்ததால் ஒரு அலைவரிசையைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதியலாம். நேரத்தை வைத்துவிட்டு வெளியூருக்கும் போகலாம். பெட்டி வந்ததும் கட்டண அலைவரிசைகளுக்கு அந்த ட்யூனர் செல்லாக்காசு ஆனது. எந்த அலைவரிசையைப் பதிய வேண்டுமோ அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, வீடே அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. விலையைப் பற்றி அன்று எழுந்த கூச்சலில் இந்த இழப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், காசு கட்டாதவருக்கு இன்றும் சுதந்திரம் இருக்கிறது. தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பிடிக்க ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் விற்கும் சாதாரண இலவச அலைவரிசைப் பெட்டிகள் பலவற்றில் பென் டிரைவைச் சொருகிப் பதிந்தால், எந்தக் கணினியிலும் ஓடும் கோப்பாக அது விழும். தொழில்நுட்பத்தால் முடியாது என்று யாரும் இனிச் சொல்லாதீர்கள். மாதம் முந்நூறு, நானூறு கட்டுகிறவருக்குப் பூட்டு. கட்டாதவருக்குத் திறந்த கதவு.

6. ‘டேப் அழுகிவிடும்’ என்பது உண்மை. ஆனால் அது யாருக்கு ஆதரவான வாதம்? அழுகும் என்றால் அழுகுவதற்கு முன் நகலெடுக்க வேண்டும் என்றுதானே முடிவு வரும், தூக்கிப்போட வேண்டும் என்று எப்படி வருகிறது? சென்னைக் காற்றில் கேசட்டுக்கு வெள்ளைப் பூஞ்சை பிடிக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்துக் கேசட்டுகள் கல்யாண ஆல்பங்களோடு சேர்ந்தே போயின. டேப்பைவிட அதை ஓட்டும் கருவி வேகமாக மறைகிறது. டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களைக் காப்பாற்றும் அவகாசம் முடிகிறது என்று யுனெஸ்கோ 2019இல் எச்சரிக்கை விட்டது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டை நல்ல டெக்கில் போடாதீர்கள். ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். நல்லதை ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றி, பிறகு டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரைக் கணினியில் சொருகும் சிறிய பதிவுக் கருவியோடு இணைக்க வேண்டும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. கேசட் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் தவறி மேலே பதிவாகாது. வந்த கோப்பை இரண்டு டிஸ்கில் வையுங்கள்; ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ‘கிளவுடில் போட்டால் போதும்’ என்பவர், வாடகை நின்ற மாதத்தில் வீட்டுக்காரர் என்ன செய்வார் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளட்டும்.

7. ‘இடம் இல்லை, யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.’ இடத்துக்குக் கணக்கே பதில். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேர ஒளிபரப்பு ஏறக்குறைய 1.8 ஜி.பி. ஒரு டெராபைட் டிஸ்கில் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். அது சட்டைப் பைக்குள் போகும். யார் பார்ப்பார்கள் என்பதற்கு ஃபிலடெல்ஃபியாவின் மேரியன் ஸ்டோக்ஸ் பதில். நூலகராக வேலை பார்த்த அந்தப் பெண்மணி எழுபதுகளின் இறுதியிலிருந்து 2012இல் இறக்கும்வரை தன் வீட்டில் பல டெக்குகளை இரவும் பகலும் ஓடவிட்டு, செய்தி அலைவரிசைகளைப் பதிந்தார். சுமார் எழுபதாயிரம் கேசட். உயிரோடு இருந்தவரை அதைக் கிறுக்கு என்றவர்கள்தான் அதிகம். அத்தனையும் இன்று இன்டர்நெட் ஆர்கைவின் கையில் இருக்கிறது. கர்நாடக இசை ரசிகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சபாவில் முன்வரிசையில் மடியில் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்த மாமாக்கள் இல்லையென்றால் அறுபதுகளின் எத்தனையோ கச்சேரிகள் அன்று இரவோடு முடிந்திருக்கும்.

தமிழக அரசு 2006க்குப் பிறகு ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011 முதல் அரசு கேபிள் மூலம் மாதம் எழுபது ரூபாய்க்கு ஒயரும் கொடுத்தது. பார்க்க வைப்பதற்கு இவ்வளவு பொதுப்பணம் செலவழித்த மாநிலத்தில், பார்த்ததை வைத்துக்கொள்ள ஒரு பொது ஏற்பாடு கேட்பது அதிகப்படி அல்ல. டிராய் விதியில், சொந்த உபயோகத்துக்கான பதிவைப் பெட்டிக்கு வெளியே எடுக்க ஒரு வரி சேர்க்க வேண்டும். கன்னிமாராவுக்குப் புத்தகம் போவதுபோல் ஒளிபரப்பும் ஒரு பொது நூலகத்துக்குப் போக வேண்டும். அது நடக்கும்வரை காத்திருக்க முடியாது என்பதால் ஒரு வேண்டுகோள்: மூட்டையைக் கட்டும்போது படத்தின் பெயர் எழுதிய கேசட்டைத்தான் முதலில் தள்ளுவீர்கள். படம் இணையத்தில் கிடைக்கும், சரி. ஆனால் ‘வணக்கம்’ போட்ட பிறகும் பல கேசட்டுகளில் பதிவு நிற்பதில்லை. டெக்கை அணைக்க மறந்த அரைமணி நேரம் அங்கே கிடக்கிறது, அன்றைய செய்தியும் விளம்பரமும் வானிலையும். அதை நகலெடுத்துவிட்டு மிச்சத்தைப் பழைய பேப்பர்காரருக்குக் கொடுங்கள்.